மீட்டர் 72 காட்டியது... உப்பு ஜாடி கசிந்தது!

‘‘குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்துவருகிறேன். போன வருஷம் ஆடிச் சாரலில், ஐந்தாம் பருவத்தில் இருந்த புழுக்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து, இறுகிச் செத்துவிட்டன. வளர்ப்பு மனையில் மாட்டியிருந்த டிஜிட்டல் ஈரப்பத மீட்டர், அத்தனை நாளும் 70-லிருந்து 74-க்குள்தான் காட்டியது. அளவு சரியாக இருந்தும் நோய் எப்படி வந்தது? அதே நாள்களில் வீட்டில் தூள் உப்பு ஜாடி கசிந்து கிடந்தது, அப்பளம் நமத்துப்போனது. மீட்டரை நம்புவதா, உப்பை நம்புவதா? இந்தச் சாரலுக்கு முட்டைத் தொகுதி எடுக்கலாமா, மல்பெரியை அழித்துவிட்டு வேறு பயிருக்குப் போய்விடலாமா?’’

உப்பை நம்பலாம். இந்த வாசகரின் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையாது, பொலபொலவென்று இருக்கும். 75-ஐத் தாண்டிவிட்டால் காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். வெயில் 25 டிகிரியாக இருந்தாலும், 30 டிகிரியாக இருந்தாலும் இந்த 75 ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே, தூள் உப்பு நாள்கணக்கில் கசிந்து கிடந்தது என்றால், அந்த வீட்டுக்குள் ஈரப்பதம் நாள்கணக்கில் 75-க்கு மேல் நின்றது என்று அர்த்தம். கல் உப்பை இதற்குச் சாட்சியாக வைக்கக் கூடாது. அதில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது 33 சதவிகித ஈரப்பதத்திலேயே நீரை இழுக்க ஆரம்பித்துவிடும் என்பதால், தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்த கல் உப்பு மூட்டை கோடையில்கூடக் கொஞ்சம் நசநசக்கும். கடிதத்தில் தூள் உப்பு என்று குறிப்பிட்டிருப்பது நல்லதாகப் போயிற்று.

சமையலறையில் கொதிக்கும் உலையின் ஆவியும் சேர்ந்து ஜாடியைக் கசியவைத்திருக்கலாம். அதனால், வளர்ப்பு மனையிலும் அதே ஈரம்தான் இருந்தது என்று இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால், நூற்றுக்கணக்கான கிலோ பச்சை இலையும், மூச்சு விடும் புழுக்களும், எச்சமும் நிறைந்த ஒரு மனை, வீட்டுச் சமையலறையைவிட வறண்டு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மீட்டர் காட்டிய 72-ஐத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கடிகாரமும் சேர்ந்த சிறிய டிஜிட்டல் மீட்டர்களுக்குள் மெல்லிய பாலிமர் படலம் ஒன்று இருக்கிறது. காற்றில் உள்ள நீராவியை அது உறிஞ்சும். உறிஞ்சும் அளவுக்கு ஏற்ப அதன் மின்தன்மை மாறும். அந்த மாற்றத்தை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுவார்கள். புதிதாக வாங்கும்போதே இந்த வகை மீட்டர்களில் 5 சதவிகிதம் மேலோ கீழோ பிசகு இருக்கலாம் என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதாவது, உண்மை 80 என்றால் 75-ம் காட்டலாம், 85-ம் காட்டலாம். அதைக் குறை சொல்ல முடியாது. விலைக்கு ஏற்ற வேலை. நாள்பட நாள்பட தூசியும் புகையும் படிந்து பிசகு கூடும்.

பட்டுப்புழு மனைக்கென்று தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்பும் மனையை பிளீச்சிங் பவுடர் கரைசலோ, ஃபார்மலினோ தெளித்துக் கதவடைத்துக் கிருமிநீக்கம் செய்கிறார்கள். அப்போது சுவரில் மாட்டிய மீட்டரை யாரும் கழற்றுவதில்லை. ஃபார்மலின் ஆவியும் குளோரின் ஆவியும் அந்தப் படலத்துக்குள் புகுந்துவிட்டால், அதன் உறிஞ்சும் தன்மையே மாறிப்போகும். திரையில் எண் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி நன்றாக இருக்கும். எண் மட்டும் பொய்யாக இருக்கும். கிருமிநீக்கம் செய்யும் நாளில் மீட்டரை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, மனையைத் திறந்து ஆற வைத்த பிறகு திரும்ப மாட்டுவது நல்லது.

மீட்டர் மாட்டியிருந்த இடமும் கணக்கில் வரும். சுவரில், கதவுக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுவதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். கூரைச் சூட்டில் அந்த இடம் 27 டிகிரியும், கீழே புழுப் படுக்கை 25 டிகிரியும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே அளவு நீராவிக்குப் படுக்கையில் 85 சதவிகிதமும், சுவரில் 75 சதவிகிதமும் வரும். படுக்கைக்குள் இலையிலிருந்து வெளியேறும் நீராவி இதற்கு மேலும் கூடுதல். மீட்டரில் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும், அது சுவரின் ஈரத்தைத்தான் சொல்லியிருக்கும். புழுவின் ஈரத்தை அல்ல. தாங்கியின் நடுத்தட்டில், படுக்கை மட்டத்தில், இலை உரசாதபடி தொங்கவிட வேண்டும்.

மீட்டர் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க அதே உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடி, வெயில் படாத, சூடு அதிகம் மாறாத அறையில் ஓர் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். உப்பு மீட்டரில் படக் கூடாது. காலையில் டப்பாவைத் திறக்காமலேயே எண்ணைப் படிக்க வேண்டும் என்பதால், கண்ணாடி ஜாடியோ, தெளிவான பிளாஸ்டிக் டப்பாவோ வசதி. 75 காட்டினால் மீட்டர் நல்ல மீட்டர். 64 காட்டினால், 11 குறைத்துச் சொல்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடலாம்.

ஆனால், சாரல் காலத்துக்கு இந்த ஒரு சோதனை போதாது. 75-ல் சரியாகக் காட்டும் மீட்டர் 90-ல் தடுமாறலாம்; மலிவு மீட்டர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். மேல் அளவைச் சோதிக்க உரக்கடைக்குப் போனால் போதும். முரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தை இதேபோல ஈரப்படுத்தி வைத்தால், டப்பாவுக்குள் ஈரப்பதம் 84 சதவிகிதத்தில் நிற்கும். சிவப்பைவிட வெள்ளைப் பொட்டாஷ் சுத்தமானது. சொட்டுநீரில் விடுகிற 13:0:45 என்ற பொட்டாசியம் நைட்ரேட், 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள் 92, 93 சதவிகிதத்தைத் தரும். உரத்தில் வேறு உப்புகளும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால் ஆய்வகத் துல்லியம் இராது. இருந்தாலும், 93 காட்ட வேண்டிய இடத்தில் 78 காட்டுகிற மீட்டரைக் கண்டுபிடிக்க இது தாராளம். மூன்று இரவுகளில், பத்து ரூபாய் செலவில்லாமல், 75, 84, 93 என்று மூன்று இடங்களில் மீட்டரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

சோதித்தும் மனம் ஒப்பவில்லை என்றால், மின்கலமே இல்லாத பழைய கருவி ஒன்று இருக்கிறது. ஈர-உலர் குமிழ் வெப்பமானி. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மெல்லிய மல்துணி சுற்றி, துணியின் வால் ஒரு சிறு தண்ணீர்க் குப்பிக்குள் தொங்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நிற்பவருக்குப் பல் அடித்துக்கொள்வது எதனாலோ, அதனால்தான் இதுவும். காற்று வறண்டிருந்தால் நீர் வேகமாக ஆவியாகி, ஈரக்குமிழ் அதிகம் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக வழியில்லை, இரண்டு வெப்பமானிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். வித்தியாசம்தான் விடை.

உலர்குமிழ் 25 டிகிரி இருக்கும்போது வித்தியாசம் 1 டிகிரி என்றால் ஈரப்பதம் சுமார் 92 சதவிகிதம். 2 டிகிரி என்றால் 84. 3 என்றால் 77. 4 என்றால் 70. 5 என்றால் 63. உலர்குமிழ் 30 டிகிரியாக இருந்தால் இதே வித்தியாசங்களுக்கு முறையே 93, 86, 79, 73, 67. பட்டுப்புழு மனைக்கு இந்தப் பத்து எண்களே பெரும்பாலும் போதும். ஓர் அட்டையில் எழுதிக் கருவிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடலாம்.

கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 7, 8 சதவிகிதம் மாறுகிறது. ஆகவே, இரண்டு வெப்பமானிகளும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். வாங்கும்போது இரண்டையும் துணி சுற்றாமல் ஒரே சொம்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்று அரை டிகிரி கூட்டிக் காட்டினால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவி கெடுவது தண்ணீராலும் துணியாலும்தான். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், இரண்டு வாரத்தில் துணியில் வெள்ளையாக உப்புப் படிந்து விறைத்துவிடும். நீர் சரியாக ஏறாது. குமிழ் சரியாகக் குளிராது. வித்தியாசம் குறைந்து, ஈரப்பதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ, நேரடியாகப் பிடித்த மழைநீரோ ஊற்ற வேண்டும். சாரல் பூமியில் மழைநீருக்கா பஞ்சம்? மல்துணியை வாரம் ஒரு முறை மாற்றிவிடலாம். எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. படிப்பதற்கு முன்பு இரண்டு மூன்று நிமிடம் ஓர் அட்டையால் விசிறிவிட வேண்டும். தேங்கி நிற்கும் காற்றில் ஈரக்குமிழ் முழுவதும் குளிராது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மூச்சின் ஈரமும் உடம்பின் சூடும் எண்ணை ஏற்றிவிடும் என்பதால் கை நீள தூரத்தில் நின்று, ஈரக்குமிழை முதலில் படிக்க வேண்டும். வானிலை ஆய்வாளர்கள் வயல்வெளிக்கு எடுத்துப் போகும் சுழற்று வகைக் கருவியில், விசிறுவதற்குப் பதிலாக, கிலுகிலுப்பைபோலக் கருவியையே சுழற்றுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு மனிதத் தலைமுடியே கருவியாக இருந்திருக்கிறது. ஈரம் ஏற ஏற முடி நீளும். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் இடையே சுமார் 2 சதவிகிதம் அளவுக்கு. ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிஞர், 1783-ல் வெளியிட்ட நூலில் இந்த முடி ஈரமானியை விவரித்திருக்கிறார். வேளாண் வானிலை நிலையங்களில் உருளையில் காகிதம் சுற்றி, பேனா முனை தானாகக் கோடு இழுக்கும் கருவிகளில் இன்றும் ஒரு கொத்து முடி இருப்பதைப் பார்க்கலாம்.

இனி, எண்ணை எப்போது படிப்பது என்பது. ஈரப்பதம் என்று எல்லாக் கருவிகளும் சொல்வது ஒப்பீட்டு ஈரப்பதத்தை. அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை சதவிகிதம் இப்போது இருக்கிறது என்பதுதான் அது. காலை 24 டிகிரியில் 95 சதவிகிதம் காட்டிய அதே காற்று, ஒரு சொட்டு நீர்கூடக் குறையாமல், மதியம் 32 டிகிரிக்குச் சூடேறினால் 60 சதவிகிதம்தான் காட்டும். மத்தியானம் ஒரு முறை மட்டும் பார்த்து எழுதிவைப்பவருக்கு இரவு நிலவரம் தெரியவே தெரியாது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வானிலைப் பதிவுகளில் காலை 7.22, பிற்பகல் 2.22 என்று விநோதமான நேரங்கள் இருக்கும். கோயம்புத்தூரின் சூரிய நேரம் இந்திய நேரத்துக்கு 22 நிமிடம் பிந்தியது. உள்ளூர்க் கணக்கில் அது சரியாகக் காலை 7, பிற்பகல் 2. தென்காசிக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். பட்டுப்புழு மனையில் இந்த இரண்டோடு, இரவு கடைசி இலை போடும் நேரத்தையும் சேர்த்து மூன்று முறை எழுத வேண்டும். போன ஆடியில் இரவுக் கணக்கு ஒன்று இருந்திருந்தால், விஷயம் அப்போதே வெளிப்பட்டிருக்கக்கூடும்.

தென்காசிப் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே உள்ளே நுழைகிறது. கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சச் சாரலைக் குற்றாலத்தில் தூவுகிறது. மலையைவிட்டு இறங்கி, கிழக்கே போகப் போகக் காற்று சூடேறும். ஒப்பீட்டு ஈரப்பதம் இறங்கும். பேரருவிக்குப் பக்கத்தில் துணி காயாத அதே நாளில், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுற்ற, மண் புழுதி பறக்கும். ஒரே மாவட்டம், காற்று வேறு. ‘மேகதூத்’ செயலியிலும், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையிலும் ஈரப்பத முன்னறிவிப்பு வருகிறது. அதைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால், அது ஒரு பரந்த பகுதிக்கான எண். குற்றாலத்தை ஒட்டிய தோட்டத்துக்குச் சொந்தக் கருவி வேண்டும். ஆலங்குளத்துச் சொந்தக்காரர் சாரல் காலத்தில் நன்றாகக் கூடு எடுத்தார் என்பதை இங்கே உதாரணமாகக் கொள்ளவும் முடியாது.

புழுவின் தேவை வயதுக்கு வயது மாறும். முதல் இரண்டு பருவங்களில் 27, 28 டிகிரியும் 85 முதல் 90 சதவிகித ஈரப்பதமும் வேண்டும். இலை வாடாமல் இருந்தால்தான் இளம்புழு தின்னும். மூன்றாம் பருவத்தில் 80 போதும். நான்காம் பருவத்தில் 70 முதல் 75. ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரியும் 65 முதல் 70 சதவிகிதமும். கூடு கட்டும்போது இன்னும் கொஞ்சம் உலர்வாக, 60 முதல் 65. அதாவது, இளம்புழுவுக்குக் குற்றாலச் சாரல் வரம். வளர்ந்த புழுவுக்கு அதே சாரல் சாபம். வாசகர் சொல்லும் அறிகுறி, வெண் மஸ்கார்டின் எனப்படும் பூஞ்சண நோயின் அறிகுறி. இந்தப் பூஞ்சண வித்து முளைத்துப் புழுவின் தோலைத் துளைக்க ஈரமான படுக்கை வேண்டும். ஐந்தாம் பருவத்தில் 90-ல் கிடந்த படுக்கை அதற்கு நாற்றங்கால் மாதிரி.

சாரல் நாளில் 65-ஐ எட்ட முடியுமா? நேர்மையாகச் சொன்னால், முடியாது. வெளிக்காற்றே 25 டிகிரியில் 95 சதவிகிதம் இருக்கும்போது, சன்னலைத் திறந்து 70-க்குக் கொண்டுவர வழியில்லை. அதற்காகச் சன்னலை மூடுவதும் தவறு. மூடிய மனைக்குள் இலையின் ஈரமும் புழுவின் மூச்சும் சேர்ந்து வெளியைவிட மோசமாகும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று தென்காசிக்கு இலவசமாகக் கிடைக்கும் விசிறி. குறுக்குக் காற்றோட்டம் கிடைக்கும்படி எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவைத்து, சாரல் நேரடியாக உள்ளே அடிக்காதபடி மட்டும் படுதா கட்டலாம். அடுப்புக் கரியோ, ஹீட்டரோ வைத்து 3 டிகிரி சூடேற்றினால் அந்த 95 என்பது 80-க்கு இறங்கும். கணக்கு சரி. ஆனால், 28 டிகிரி ஐந்தாம் பருவப் புழுவுக்கு அதிகம், கரிப்புகை வேறு. அடைமழை இரவில், காற்றோட்டத்தோடு, ஒன்றிரண்டு டிகிரி ஏற்றுவதற்கு மேல் போகாமல் இருப்பது உத்தமம்.

காற்றைக் காயவைக்க முடியாவிட்டாலும் படுக்கையைக் காயவைக்க முடியும். மழையில் நனைந்த தண்டை அப்படியே போடாமல், தாழ்வாரத்தில் நிறுத்தி நீர் வடிந்த பிறகு போட வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் போடாமல், தின்றுமுடிக்கும் அளவு மட்டும் பிரித்துப் போட வேண்டும். இடநெருக்கடி இருக்கக் கூடாது. தோலுரிப்பு நேரத்தில் படுக்கை மேல் சுட்ட சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் கட்டித் தூவிவிட்டால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தோலுரித்து எழுந்ததும், இலை போடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு, ‘விஜேதா’ போன்ற படுக்கைக் கிருமிநாசினியைத் தூவலாம். செத்த புழுவை அது வெளுக்கும் முன்பே பொறுக்கி எரித்துவிட வேண்டும். வெளுத்துவிட்டால் ஒவ்வொன்றும் வித்துப் பொட்டலம். போன ஆடியில் வெளுத்த புழுக்கள் மனைக்குள் கிடந்திருந்தால், தாங்கி, வலை, தரை, சந்திரிகை என்று எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த முட்டையை உள்ளே கொண்டுவரவே கூடாது. மீட்டரைக் கழற்றிவிட்டுத்தான்.

முட்டை எடுக்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். மல்பெரியை அழிக்கும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. சித்திரை, வைகாசியிலேயே மீட்டரைச் சோதித்து, ஈர-உலர் குமிழ் வெப்பமானி ஒன்றையும் மாட்டி, வைகாசிக் கடைசி வளர்ப்பில் மூன்று வேளை எண்களை எழுதிப் பார்க்கட்டும். ஆனியில் வழக்கத்தில் பாதி அளவு முட்டைத் தொகுதி மட்டும் எடுத்து, தாங்கியில் தாராளமாகப் பரப்பி வளர்க்கட்டும். ஐந்தாம் பருவத்தில் இரவு வித்தியாசம் 2 டிகிரிக்கும் குறைவாக விடாமல் நாள்கணக்கில் நின்றால், அந்த மனை ஆடிக்கு ஏற்றதல்ல என்று தெரிந்துவிடும். அப்போது ஆடியில் மட்டும் வளர்ப்பை நிறுத்தி, மல்பெரியைக் கவாத்துச் செய்து, தொழுவுரம் வைத்துத் தோட்டத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். ஒரு வளர்ப்பை இழப்பது வேறு, தோட்டத்தை இழப்பது வேறு.

‘‘செங்கோட்டை குண்டாறு பாசனத்தில் கார் நெல் போட்டிருக்கிறேன். சாரல் தொடங்கியதும் குலைநோய் வந்துவிடுகிறது. ஈரப்பதம் அளக்கும் கருவியை வைத்து நோய் வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?’’

முடியும். இரவு வெப்பநிலை 20-லிருந்து 26 டிகிரிக்குள்ளும், ஈரப்பதம் 90-ம் அதற்கு மேலும், ஒரு வாரமோ அதைவிடக் கூடுதலாகவோ தொடர்ந்தால் குலைநோய்க்கு வாய்ப்பு என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் முன்னறிவிப்புக் கணக்கு. நாற்று, நடவுக்குப் பின் தூர் கட்டும் தருணம், கதிர்க் கழுத்து வெளிவரும் தருணம் ஆகிய மூன்றில் எதில் இந்த வாரம் வந்து மாட்டினாலும் ஆபத்து. செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் இந்த நிலை அமைவது சுலபம்.

கருவியை வீட்டு வாசலில் வைத்துப் பயனில்லை. வயலுக்குள்ளே பயிரின் உச்சி மட்டத்தில், மேலே மழையும் வெயிலும் படாமல், பக்கவாட்டில் காற்று புகும்படி ஒரு மரச்சட்டக் கூண்டில் வைக்க வேண்டும். வானிலை நிலையங்களில் வெள்ளையடித்து, நாலடி உயரக் காலில் நிற்கும் கூண்டு போலத்தான். கதவு வடக்கு பார்த்து இருந்தால் திறக்கும்போது வெயில் அடிக்காது. பயிர் மூடிக்கொண்ட வயலுக்குள் ஈரப்பதம் வரப்பில் உள்ளதைவிடக் கூடுதல் என்பதை மறக்கக் கூடாது. அந்தி மயங்கியதும் ஒரு தடவை, விடிவதற்கு முன்பு ஒரு தடவை பார்த்தால் போதும். மூன்று, நான்கு இரவுகள் தொடர்ந்து 90-ஐத் தாண்டினால், போட வேண்டிய யூரியாவைத் தள்ளிப்போட வேண்டும். தழைச்சத்து மிஞ்சிய பயிரைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும். தினமும் இலையில் கண் வடிவப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்ததும் இலையோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போவது நல்லது. அடுத்த காருக்கு, விதைக்கும்போதே கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்துவிட்டால் பாதி கவலை தீரும்.

‘‘இதே ஈரப்பத மீட்டரை நெல் மூட்டைக்குள் வைத்தால், கொள்முதல் நிலையத்தில் சொல்லும் 17 சதவிகிதக் கணக்கு தெரியுமா?’’

இரண்டும் வேறு வேறு. கொள்முதலில் பார்ப்பது நெல்மணிக்குள் எடையில் எத்தனை பங்கு நீர் என்பதை. அதற்குத் தானிய ஈரப்பதமானி தனியாக உண்டு. காற்று மீட்டர் காட்டும் 75-ஐப் பார்த்து நெல்லில் 75 சதவிகிதம் நீர் என்று யாரும் பதற வேண்டாம். ஆனால், இரண்டுக்கும் உறவு இருக்கிறது. மூடிய பைக்குள் நெல்லோடு மீட்டரை ஒரு பகல் விட்டுவைத்து, அது 75 காட்டினால் நெல்லின் ஈரம் சுமார் 14 சதவிகிதத்தில் இருக்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். சில மாதங்கள் வைத்திருக்க அது போதும். ஓராண்டை நெருங்கும் இருப்புக்கு 13-க்குள் வேண்டும்.

மீட்டரே இல்லாதவர்கள், வறுத்து ஆறவைத்த தூள் உப்பில் ஒரு கரண்டியும் ஒரு கை நெல்லும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் நெல்லில் ஈரம் 15 சதவிகிதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் அதற்குக் கீழே. 17 வரை கொள்முதலில் எடுப்பார்கள் என்பதால், உப்பு ஒட்டாத நெல்லோடு போகிறவர் நிலையத்தில் ஈரத்துக்காகத் திரும்பி வர வேண்டியிருக்காது. சாரல் காலத்தில் காயவைத்த நெல்லை இரவு திறந்த களத்தில் விட்டால், பகலில் போன ஈரத்தில் கொஞ்சம் விடிவதற்குள் திரும்பி வந்துவிடும். சாயங்காலமே குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும்.

‘‘நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் சிறிய இன்குபேட்டரில் ஈரப்பதம் எவ்வளவு வைப்பது? மீட்டரும் பெட்டியோடு வந்த மீட்டரும் ஒத்துப்போகவில்லை.’’

முதல் 18 நாள்களுக்கு 55 முதல் 60, கடைசி மூன்று நாள்களுக்கு 65 முதல் 70. கடைசி நாள்களில் குறைந்தால் குஞ்சு ஓட்டுக்குள் ஒட்டிக்கொண்டு வெளிவரத் தவிக்கும். இரண்டு மீட்டரையும் ஒரே உப்பு டப்பாவுக்குள் ஓர் இரவு வைத்தால், எது எத்தனை விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். விசிறி ஓடும் பெட்டியில், 37.5 டிகிரி உலர்குமிழுக்கு ஈரக்குமிழ் 30 டிகிரி காட்டினால் ஈரப்பதம் சுமார் 58. குற்றாலச் சீசனில் தண்ணீர்த் தட்டைப் பாதியாகக் குறைத்துவைத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து ஊற்றுவது நல்லது.